காய்ந்த பிறகு வந்த கோடு

ஈரமாக இருக்கும் எந்த நிறத்தையும் என் கணவர் நம்பமாட்டார். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. சுவரிலிருந்து பெயர்த்த காரைத் துண்டு, பழைய வாளியின் மூடி, கிழிந்த திரைச்சீலை என்று எதையாவது கொண்டுவந்து "இதே நிறம் வேணும்" என்று நீட்டுவார்கள். ஒரு பெண் தன் செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறாள். நிறம் கலக்க அங்கே ஒரு இயந்திரம் உண்டு. அது முக்கால்வாசி தூரம் கொண்டுபோய் விட்டுவிடும். மிச்சத்தை இவர் கண்தான் நடக்கும். ஒரு சொட்டு மஞ்சள் விட்டு, கலக்கி, வெள்ளை அட்டையில் தீட்டி, ஹேர் டிரையரைக் காட்டிக் காயவைத்து, அட்டையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். முழுச் சொட்டு அதிகம் என்று தோன்றினால் குச்சி முனையில் பாதிச் சொட்டு தொட்டு வைப்பார். அதனால் கடையில் அவருக்கு 'அரைச்சொட்டு' என்று பெயர். வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் பதில் ஒன்றுதான்.

"காயட்டும்."

வீட்டிலும் இதே கதை. சட்டையில் விழுந்த டீக் கறை போகுமா என்று கேட்டால், காயட்டும். என் கோபத்துக்கும் காயட்டும்தான். அப்படியே விட்டுவிட்டுச் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அவர் போய்ப் பதினொரு மாதமாகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய பொறுமையைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். கடை முதலாளி மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத ஒரு புதன்கிழமையைப் பற்றிச் சொன்னார். அந்த வாரத்தின் மற்ற நாட்களெல்லாம் என்னிடம் இருந்தன. புதன் மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழாவது வருடம். அதற்கு முன் இரண்டு முறை தேதி தள்ளிப்போய், இரண்டு முறையும் கிட் வாங்கிப் பார்த்து, இரண்டு முறையும் ஒரே கோடு வந்திருந்தது. ஒற்றைக் கோடு என்றால் இல்லை. இரண்டு என்றால் உண்டு. இரண்டாவது முறை அவருடைய அக்கா எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். நாற்பது பெண்களை ஒரே குரலில் எழுப்பிவிடுகிறவர். அன்று நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது, "வேலை வேலைன்னு இப்படி ஓடிக்கிட்டே இருந்தா எதுதான் தங்கும்?" என்று ஒரு வார்த்தை சொன்னார். சொன்னவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. குழந்தை வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்ததோ, அவ்வளவு பயமும் இருந்தது, இன்னொரு முறை 'இல்லை' என்ற செய்தியோடு அந்த அம்மாள் முன்னால் நிற்க வேண்டி வருமோ என்று.

அதனால் மூன்றாவது முறை தேதி ஒரு நாள் தள்ளியதும் அவரிடம் கறாராகச் சொன்னேன். "நல்லாத் தெரியிற வரைக்கும் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை போகக் கூடாது."

"நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்கு வாயே கிடையாதே."

"உங்களுக்கு வாய் இல்ல. போன் இருக்கு."

கிட் வாங்க அவரைத்தான் அனுப்பினேன். மருந்துக் கடையில் ஒரு நடுத்தர வயது அம்மாள் இருப்பார். முகத்தைக்கூடத் தூக்காமல் பத்து மாத்திரையைச் சரியாக எண்ணிக் கத்தரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். இவர் கடைசி ஆளும் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். ஒருவர் போக இருவர் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் தாழ்ந்த குரலில், "அந்தக் கோடு வருமே, அது ஒண்ணு குடுங்க" என்றாராம்.

"என்ன கோடு? சளிக்கா, சர்க்கரைக்கா, கர்ப்பத்துக்கா?" என்று அந்த அம்மாள் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டிருக்கிறார்.

"மூணாவது."

"சத்தமாச் சொல்லுங்க."

"மூணாவது!"

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடும்போது அந்த அம்மாள் பின்னாலிருந்து ஏதோ சொன்னதும், அது காதில் விழுந்ததும், விழுந்தும் நிற்காமல் வந்ததும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். "காலையில எழுந்ததும் முதல்ல போறதுல பாக்கச் சொல்லுங்க! உள்ள பேப்பர் இருக்கு, படிச்சிட்டுப் பண்ணுங்க!" என்பதுதான் அது. வீட்டுக்கு வந்தவர், "வாங்கிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

என்மேலும் தப்பு உண்டு. நான் வேலை பார்த்தது பஸ் டிப்போவில், தொலைந்த பொருள் பிரிவில். "கறுப்புக் குடை" என்று வந்து நிற்பவரிடம், கைப்பிடி வளைவா நேரா, எத்தனை கம்பி, எந்தக் கம்பி ஒடிந்தது என்று கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் குடையைக் கையில் கொடுப்பேன். அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் கடைசி வரிவரை படிக்கிறவள். ஆனால் அன்று அந்தப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை நான் எடுக்கவே இல்லை. இரண்டு முறை செய்தவள்தானே, தெரியாதா என்ற நினைப்பு. இன்னும் உண்மையைச் சொன்னால், காகிதம் படிக்கிற நேரம்கூடப் பொறுக்க முடியவில்லை.

மாலை நாலு மணி. வரவேண்டியது வரட்டும் என்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அது போதாதென்று இன்னொரு சொம்பு. இப்படிக் குடித்தால் எல்லாம் நீர்த்துப்போய் உண்மையான விடைகூடத் தெரியாமல் போகலாம் என்பதை அந்தக் காகிதம் சொல்லியிருக்கும். கடையில் மாதிரி கலக்க வைத்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கோப்பைகளில் புதிதாக ஒன்று கொண்டுவந்து வைத்திருந்தார். அதில் பிடித்து, பட்டையை முக்கினேன். பட்டையில் ஒரு அம்புக்குறி இருந்தது. அதைத் தாண்டி முக்கக் கூடாது. பதற்றத்தில் பாதிப் பட்டையே உள்ளே போய்விட்டது.

வெளியே இவர் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். "என்ன கலர்ல இருக்கு?"

"சும்மா இருங்க."

மேலே ஒரு கோடு பளிச்சென்று ரோஜா நிறத்தில் வந்தது. அது எல்லாருக்கும் வரும். பட்டை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதற்குக் கீழே வரவேண்டியதுதான் விடை. ஐந்து நிமிடம் பார்த்தேன். கீழே வெள்ளையாகவே இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து பட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

"ஒண்ணுதான். தூக்கிப் போடுங்க."

அவர் போடவில்லை. மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே."

"ஈரமாத்தான் இருக்கும். பின்ன?"

"ஈரத்துல எந்த நிறமும் உண்மையச் சொல்லாது. காயட்டும்."

"இது உங்க சுவர் இல்லங்க."

"எதுவா இருந்தா என்ன? நிறம் நிறம்தானே."

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து என் ஹேர் டிரையரை எடுத்தார். சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பட்டையை வைத்து, கால் மணி நேரம் மெல்லிய காற்றில் காட்டினார். அவர் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்தபோது என்னால் தடுக்க முடியவில்லை. பிறகு ஜன்னலைத் திறந்து, பட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஒரு கண்ணை மூடினார்.

"வா இங்க."

போனேன்.

"தெரியுதா?"

"என்ன தெரியணும்?"

"ரெண்டாவது. ரொம்ப லேசா. நேராப் பாக்காத, கொஞ்சம் சாய்ச்சுப் பாரு."

சாய்த்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஏதோ இருப்பதுபோல இருந்தது. காகிதத்தில் நகத்தால் கீறினால் விழுமே, அப்படி.

"இது நிழல்."

"நிழலுக்கு ரெண்டு ஓரம் இருக்குமா? இதுக்கு இருக்கு பாரு. கோடு. என் கண்ணு பொய் சொல்லாது."

அதுதான் வினை. அவர் கண் பொய் சொல்லாது என்பது எனக்கும் தெரியும். இரண்டு வெள்ளைச் சுவர்களைக் காட்டி, இதில் ஒரு சொட்டு நீலம் இருக்கிறது, அதில் இல்லை என்று சொல்லி, டப்பாவைத் திறந்து பார்த்தால் சரியாக இருக்கும். அடையாளம் கேட்காமல் ஒரு குடையைக்கூடக் கையை விட்டுக் கொடுக்காதவள், அன்று அந்தக் கீறலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"அண்ணிகிட்ட சொல்லக் கூடாது."

"சேச்சே."

ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். தெருமுனைக் கடைக்குப் போய்வர நாற்பது நிமிடம் ஆயிற்று. ரொட்டி இல்லாமல் வந்தார்.

மறுநாள் மாலை நான் வேலை முடிந்து வரும்போது வீட்டு வாசலில் அண்ணி தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். நாலு மணி நேர பஸ் பயணம். என்னைப் பார்த்ததும் எழுந்து, என் தோளிலிருந்த பையைப் பிடுங்கினார்.

"இதுல என்ன கல்லா வச்சிருக்க? யாரைக் கேட்டு வெயிட் தூக்குற?"

"சாப்பாட்டு டப்பா அண்ணி. காலி டப்பா."

"காலியா இருந்தாலும் டப்பா டப்பாதானே. நாப்பது பொண்ணுங்களை அந்தச் சமையக்காரி கையில விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு வாரம் லீவு. இனிமே இந்த வீட்டுல நான் சொல்றதுதான்."

அப்புறம் அந்த வீட்டில் நான் குனியவில்லை. விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தால் சமையலறையிலிருந்து, "சீப்பு அங்கயே கிடக்கட்டும்!" என்று குரல் வரும். அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தண்ணீர்க் குடத்தை நான் தொடக் கூடாது. ஸ்டூலில் ஏறக் கூடாது. தும்மும்போது உட்கார்ந்து தும்ம வேண்டும். இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைத்துவிட்டு, அறை வாசலில் நின்று, பழக்க தோஷத்தில், "எல்லாரும் படுத்தாச்சா?" என்று கேட்பார். நாங்கள் இரண்டே பேர். "படுத்தாச்சு" என்று சேர்ந்து சொல்வோம்.

அந்தப் பட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். இவர் அதை ஒரு கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அண்ணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒரு கோடுதான்டா தெரியுது."

"சாய்ச்சுப் பாருக்கா."

கழுத்தைச் சாய்த்தார்.

"கழுத்தை இல்லக்கா, பட்டைய."

"தெரியுதோ இல்லையோ, நீ சொன்னாச் சரிதான். சின்ன வயசுலயே இவன் மூணு பசுவோட பாலையும் கலரை வச்சே எது எதோடதுன்னு சொல்லுவான்" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். உடனே தட்டில் எனக்கு இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை டிப்போவில் ஒரு காரியம் நடந்தது. யாரோ பஸ்ஸில் விட்டுப் போன கைக்குழந்தையின் காலுறை ஒன்று வந்தது. பதிவேட்டில், 'காலுறை, ஒன்று, மஞ்சள்' என்று எழுதி முடிக்க வேண்டிய வேலை. நான் விவரப் பத்தியில் ஆறு வரி எழுதியிருந்தேன். குதிகால் பக்கம் நூல் எப்படிப் போயிருக்கிறது, விரல் நுனியில் எவ்வளவு அழுக்கு, எந்தக் காலுக்கு உரியதாக இருக்கலாம் என்பதுவரை. மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "என்னம்மா, இதைத் தேடி போலீஸ் வரப்போகுதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் அந்தக் கோட்டை முழுக்க நம்பிவிட்டேன் என்று.

இனி அந்தப் புதன்கிழமை. முதலாளி சொன்னது.

காலையில் ஒருவர் பழைய கதவிலிருந்து பெயர்ந்த ஒரு சிம்பைக் கொண்டுவந்து அதே பச்சை வேண்டும் என்றிருக்கிறார். இவர் முதல் கலவை கலந்துவிட்டார். தீட்டிப் பார்க்க வெள்ளை அட்டை தீர்ந்திருந்தது. நல்ல வெள்ளை அட்டை எங்கே கண்டாலும் விடமாட்டார்; மருந்துப் பெட்டி, பற்பசைப் பெட்டி எல்லாவற்றையும் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். அந்தக் கிட் வந்த பெட்டியும் ஞாயிற்றுக்கிழமையே அவர் பைக்குள் போயிருந்தது. அதை எடுத்துக் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டியபோது, எட்டாக மடித்த காகிதம் ஒன்று மேசைமேல் விழுந்தது.

முதலாளிக்கு அன்று வேலை இல்லை. எடுத்துப் பிரித்து உரக்கப் படித்தார்.

"காலையில் முதல் முறை கழிக்கும் சிறுநீரே சிறந்தது... அம்புக்குறியைத் தாண்டி முக்கக் கூடாது... டேய் அரைச்சொட்டு, இது என்னடா, உன் பையில எப்படி?"

"குடுங்க முதலாளி."

"இரு, நல்லா இருக்கு. சமமான இடத்தில் வைத்து ஐந்தாவது நிமிடம் முடிவைப் பார்க்கவும். பத்து நிமிடத்துக்குப் பிறகு பார்க்கக் கூடாது. பட்டை காய்ந்த பின் நிறமற்ற கோடு ஒன்று தெரியலாம். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது."

இவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாராம். கதவுக்காரர், "என் பச்சை என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"காய்ஞ்சப்புறம்னா போட்டிருக்கு?" என்றாராம் இவர்.

"ஆமாடா. காய்ஞ்சப்புறம் பாக்கக் கூடாதுன்னு."

"காய்ஞ்சப்புறம்தானே முதலாளி பாக்கணும்?"

"பெயிண்டைடா. இது பெயிண்ட் இல்லையே."

இவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பட்டையை மேசைமேல் வைத்தார். அப்புறம் செய்ததுதான் முதலாளிக்கு மறக்கவில்லை. பட்டையின் மேல் கோட்டுக்கு, அந்த ரோஜா நிறத்துக்கு, கண்ணால் நிறம் கலந்தார். பத்தே நிமிடத்தில் அச்சாக வந்துவிட்டது. அதை எடுத்து வெள்ளையில் நீர்க்கவைத்தார். ஒரு மடங்கு, இரண்டு மடங்கு என்று போய்க்கொண்டே இருந்தார். அந்தக் கிட்டின் பெட்டி அட்டையிலேயே வரிசையாக ஒன்பது கட்டம் தீட்டினார். கடைசிக் கட்டம் அவர் கண்ணுக்கு மட்டும்தான் வெள்ளையிலிருந்து வேறாகத் தெரியும். எல்லாம் காய்ந்ததும் அட்டையையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவுக்காரரும் கூடப் போனாராம்.

"ரோஜாவை எவ்வளவு கரைச்சாலும் ரோஜாதான் முதலாளி. கடைசிச் சொட்டு வரைக்கும் ரோஜாதான் வரணும்" என்றார் இவர், திரும்பாமல். "இந்தக் கீழ்க் கோட்டுல ரோஜா இல்ல. சாம்பல். ஞாயித்துக்கிழமையே என் கண்ணுல பட்டிருக்கணும். பட்டுச்சு. நான்தான் வேண்டாம்னு விட்டுட்டேன்."

"அப்ப அது என்னடா?"

"இது நிறம் இல்ல முதலாளி. கறை."

கதவுக்காரருக்கு அன்று இவர் கையால் பச்சை கிடைக்கவில்லை. இவர் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கடைசியில் முதலாளி தானே கலந்து கொடுத்தாராம். "இன்னிக்கும் அந்தக் கதவு வேற பச்சையாத்தாம்மா நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் எனக்குத் தெரிந்தது இதற்கு அப்புறம்தான். அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் ஏற்கெனவே வந்து பால்கனியில் நின்றிருந்தார். அண்ணி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். போனேன். ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அதில் ஒரு பக்கம் ஏதோ பெயிண்டின் அளவு. மறுபக்கம் அவருடைய எறும்புக் கையெழுத்து.

"மருந்துக் கடைக்குப் போனேன். அந்த அம்மாகிட்ட நின்னு எல்லாத்தையும் கேட்டு எழுதிட்டு வந்தேன். இந்தத் தடவை நானே சத்தமாச் சொன்னேன், மூணாவதுன்னு. ரெண்டு வாங்கியிருக்கேன்."

"எதுக்கு? அதான் பாத்தாச்சே."

"ரோஜாவை வெள்ளையில கரைச்சா லேசான ரோஜா வரும். சரியா?"

"சரி."

"சாம்பல் வராது."

"என்ன சொல்றீங்க?"

"அந்தக் கோடு சாம்பல்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் வந்த கோபம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கண்ணு பொய் சொல்லாதுன்னீங்க."

"கண்ணு சரிதான். நேரம்தான் தப்பு. அஞ்சு நிமிஷத்துல பாக்க வேண்டியதை ஊதி ஊதிக் காயவச்சுப் பாத்தேன்." சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஆனா அதுக்காக இல்லைன்னும் சொல்ல முடியாது. நீ சாயங்காலம் பாத்த, தண்ணி வேற நிறையக் குடிச்ச. தள்ளுனது ஒரே நாள். அதெல்லாம் சேந்தா இருக்கிறது கூடத் தெரியாம போகலாம்னு அந்த அம்மா சொல்லுச்சு. நாளைக்குக் காலையில ஒழுங்காப் பாத்துடலாம்."

"நாளைக்கு இல்லைன்னு வந்தா? உள்ள உக்காந்து எனக்காக வேலை மெனக்கெட்டுத் துணி மடிக்கிறாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது? நான்தானே போய் நிக்கணும்? சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல?"

அவர் துண்டுச் சீட்டை இன்னும் சின்னதாக மடித்தார். உள்ளே இருந்து அண்ணி, "நின்னுக்கிட்டுப் பேசாத, உக்காந்து பேசு!" என்றார்.

வியாழக்கிழமை காலை அலாரத்துக்கு முன்பே இருவரும் விழித்துவிட்டோம். அண்ணி எழுவதற்குள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டோம். ஆறரை வருடத்தில் இருவரும் சேர்ந்து அந்தச் சின்ன அறைக்குள் நின்றது அன்றுதான். இவர் காகிதத்தைப் படிக்க, நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். அவர் குரல் ஏதோ விமானம் ஓட்டச் சொல்லித் தருவதுபோல் இருந்தது.

"உறையை இப்பத்தான் கிழிக்கணும். முன்னாடியே கிழிக்கக் கூடாது."

"இப்பத்தான் கிழிக்கிறேன்."

"பெட்டியில தேதி பாத்தியா? கெட்டுப்போன சரக்கா இருக்கப் போகுது."

"அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்று சுவரைப் பார்த்தார். "இந்த ஓரம் ஒரு கை அடிக்கணும்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அம்புக்குறி தாண்டாமல் முக்கினேன். காகிதத்தில் சொன்ன விநாடிகளை அவர் எண்ணினார். எடுத்து, வாஷ்பேசின் ஓரத்தில் சமமாக வைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

மேல் கோடு வந்தது. இரண்டு நிமிடம். மூன்று. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு. ஐந்தாவது நிமிடம் முடிந்ததும் அவர் குனிந்து, ஈரமாக இருக்கும்போதே, முகத்தை மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். சாய்த்துப் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடவில்லை.

"ஒண்ணுதான்" என்றார்.

"விளக்கு வெளிச்சத்துல உங்களுக்குச் சரியாத் தெரியாதே."

"தெரியுது."

"ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாருங்களேன்."

"ஒண்ணுதான்மா."

"கொஞ்சம் காயட்டுமே" என்றேன்.

சொன்னது நான்தான். அவர் என்னைப் பார்த்தார். பட்டையைக் காகிதத்தில் சுற்றி, குப்பைக் கூடையில் போட்டு, கூடையின் மூடியை அழுத்தி மூடினார். மாதவிடாய் இன்னும் வராவிட்டால் மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. அதற்குத்தான் இரண்டாவது கிட். அதற்கு வேலை வரவில்லை. மறுநாளே தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்த வியாழக்கிழமை, அந்த மூடியின் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

குழாயைத் திறந்துவிட்டேன். அழுகிற சத்தம் வெளியே போகக் கூடாது.

"நீ இங்கயே இரு. நான் போய் அக்காகிட்ட சொல்றேன்" என்றார்.

"நானே சொல்றேன். எப்படியும் நான்தானே..."

"இரு" என்று சொல்லிவிட்டுத் தாழைத் திறந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி எழுந்திருந்தார். பால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, அது இல்லக்கா."

"எது இல்ல?"

"கோடு. நான் பாத்தது தப்பு. காகிதத்தைப் படிக்காம, ஹேர் டிரையர்ல காயவச்சுப் பாத்துட்டேன். இப்பத்தான் சரியாப் பாத்தோம்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. நான் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

"ஏன்டா, ஒரு காகிதத்தைப் படிக்கத் தெரியாதா உனக்கு?" அண்ணியின் குரல் விடுதி முழுவதையும் எழுப்பும் அளவுக்கு ஏறியது. "சின்னப் புள்ளையா நீ? கலரு தெரியும் கலரு தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு, பாவம் அந்தப் புள்ளைக்கு ஆசை காட்டி, நாலு நாளா அவளைச் சீப்பு எடுக்க விடாம... அறிவிருக்கா?"

"இல்லக்கா."

"எந்த மடையனாவது அதை ஹேர் டிரையர்ல காட்டுவானா?"

"மெதுவாப் பேசுக்கா. அவ உள்ளதான் இருக்கா. கேக்கும்."

"கேக்கட்டும்னுதான்டா கத்துறேன்!" என்றார் அண்ணி, இன்னும் சத்தமாக. "எல்லாம் உன் தப்பு. முழுக்க முழுக்க உன் தப்பு. அவமேல ஒரு துளி தப்புக் கிடையாது. சொல்லு."

"ஆமாக்கா. என் தப்பு."

"குளியலறை வரைக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"என் தப்புக்கா!"

நான் குழாயை மூடினேன். இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று.